மஞ்சள் வண்டிக்கு ஒரு கொக்கி

“இதுல கொக்கி மாட்ட இடமே இல்ல சார்” என்று வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும் வந்தது.

எக்ஸ்ரேக்காரர் குனிந்து பார்த்தார். இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடமில்லை என்று சொன்ன ஆள் இன்னும் எழுந்து வரவில்லை. அதை அவர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்.

வண்டி மஞ்சள் நிறம், இரண்டே சீட்டு, பந்தய வண்டி ஜாதி. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். உள்ளே ஏற வேண்டுமென்றால் முதலில் தலையைக் கொடுத்து, இடுப்பை மடக்கி, அப்புறம் ஆனது ஆகட்டும் என்று கையை விட்டுவிட வேண்டும். சீட்டு தானாக வந்து சேரும். ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி. எதையும் இழுக்கும் உத்தேசம் அதைச் செய்தவர்களுக்கு இருந்ததே இல்லை. ட்ரெய்லரை மாட்டும் கொக்கி வர வேண்டிய இடத்தில், நட்டநடுவில், இரண்டு புகைக்குழாய்கள் ஜோடியாக முறைத்துக்கொண்டிருந்தன.

மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். வாடகைக்கு ஒரு சின்ன லாரி எடுத்தால் வேலை முடிந்தது என்று யோசனை சொன்னார். இந்த வண்டிக்கு இப்படி ஒரு கேவலத்தைச் செய்ய அவருக்கே மனசு வரவில்லை போலிருந்தது.

“நானே கொண்டு வரேன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்” என்றார் எக்ஸ்ரேக்காரர்.

மெக்கானிக் கை துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “அப்ப சரி. அது ஒரு விஷயமே இல்ல சார்” என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் நாள் வரப்போகிறது என்பது எக்ஸ்ரேக்காரருக்கு அப்போது தெரியாது.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தார். நாள் முழுக்க அவர் பேசுவது மூன்று வார்த்தை. மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க. எதிராளியும் பதில் பேச முடியாது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அந்த மூன்று வார்த்தைக்கும் அவசியம் இருக்காது. மனைவி இருந்தவரை வீட்டில் பேசும் பொறுப்பை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவள் போனபின் அந்தப் பொறுப்பை ஏற்க ஆள் வரவில்லை. சாவியை மேஜைமேல் போடும் சத்தம்தான் வீட்டில் அன்றைக்குக் கேட்கும் பெரிய சத்தம்.

மஞ்சள் வண்டி அதற்கப்புறம் வாங்கியது. வயசான காலத்தில் இந்த ஆளுக்கு ஆசையைப் பார் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். ஆசையெல்லாம் இல்லை. பழைய வண்டி நாலு பேர் உட்காரும் வண்டி. கண்ணாடியில் பார்த்தால் பின்சீட்டு காலி, திரும்பிப் பார்த்தால் பக்கத்துச் சீட்டு காலி. மூன்று காலி சீட்டுகளை ஏற்றிக்கொண்டு தினமும் வேலைக்குப் போய்வருவது அவருக்கு முடியவில்லை. இந்த வண்டியில் காலி சீட்டு ஒன்றே ஒன்று. அந்த வகையில் லாபம்.

மகள் பக்கத்தில் இல்லை. அரை நாள் வண்டி ஓட்டினால் வரும் ஊரில் புருஷன், பிள்ளையோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பேச்சு சாப்பாட்டில் ஆரம்பித்து மாத்திரையில் முடியும். ஆனால் போன ஞாயிறு அப்படி முடியவில்லை.

புது வீட்டில் எல்லாம் ஒழுங்குபடுத்தியாயிற்று என்றாள். பின்பக்கத்து ரூமுக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டார்கள் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

“ட்ரெய்லர் வச்ச வண்டி ஒண்ணு பிடிச்சு அனுப்பலாம்னு இவர் சொல்றார்ப்பா. ஒரு ஆளோட சாமான்தானே, ஒரே நடையில வந்துடும்.”

எக்ஸ்ரேக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா. அந்த அம்மாளும் வேறொரு ஊரில் தனியாகத்தான் இருந்தார். பிள்ளை வீட்டோடு போய்விடப்போகிறார் என்ற பேச்சு எப்போதோ காதில் விழுந்திருந்தது. ஆக, ரூம் சம்பந்தியம்மாவுக்கு.

யாருடைய சாமான் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் ‘ரொம்ப சந்தோஷம்மா’ என்று சொல்லியாக வேண்டும். அதற்கு அவருக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வாய் தானாகப் பேசியது.

“எதுக்கு வெளியாள்? நானே கொண்டு வரேன்.”

இணைப்பு போய்விட்டதோ என்று அவர் போனைப் பார்த்தார்.

“நிஜமாவாப்பா?”

மஞ்சள் வண்டியைப் பற்றி அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. ஏன், என் வண்டியால் முடியாது என்று நினைக்கிறாயா, மூன்றே வாரத்தில் வாசலில் வந்து நிற்கிறேன் பார் என்றார். அவள் சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை. அவர் போனை வைத்துவிட்டு, கொக்கி மாட்டும் மெக்கானிக்கைத் தேடக் கிளம்பிவிட்டார்.

கொக்கி என்று பெயரே தவிர, பார்க்க அது வளைந்த இரும்புக் கழுத்து, உச்சியில் ஒரு குண்டு. அதற்கு இடம் பண்ணுவதற்காக மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி ஓரமாக வைத்தார். இரண்டு புகைக்குழாயையும் அறுத்து இடது பக்கமாகத் திருப்பிவிட்டார். பம்பரில் ஒரு ஓட்டை போட்டார். குண்டு அந்த ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. கச்சிதமாக இருந்தது.

பிறகு வண்டியைக் கிளப்பினார்கள். பட்டறைக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமும் பறந்துபோயின.

“கொஞ்சம் சத்தம் வரும் சார்” என்றார் மெக்கானிக். உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் எக்ஸ்ரேக்காரர் அதைப் புரிந்துகொண்டார்.

அவர் குடியிருந்தது மாடிமேல் மாடியாக வீடுகள் அடுக்கிய கட்டடம். இத்தனை வருஷத்தில் அங்கே அவரோடு யாரும் பேசியதில்லை. லிஃப்டில் ஏறினால் எல்லோரும் நம்பர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மறுநாள் காலை அவர் வண்டியைக் கிளப்பியதும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கீழ்வீட்டம்மா தலையில் துண்டு கட்டியபடியே இறங்கி வந்து, குளிக்கும்போது வாளியே அதிர்ந்தது என்று புகார் சொன்னார். தூங்குகிற குழந்தை எழுந்துவிட்டது, எழுந்தது தூங்க மாட்டேன் என்கிறது, அதற்கு என்ன வழி என்று கேட்டார். எக்ஸ்ரேக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆனால் லிஃப்டில் மேலே போகும்போது யோசித்துப் பார்த்தார். அந்த அம்மாள் அவரோடு முழுசாகப் பத்து வாக்கியம் பேசியிருந்தார். திட்டுதான், இருந்தாலும் பேச்சு.

மறுநாள் அவரே இரண்டு நிமிஷம் கூடுதலாக இன்ஜினை ஓடவிட்டார் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த தொல்லை ரிவர்ஸில் வந்தது. பின்னால் ஏதாவது தட்டுப்பட்டால் எச்சரிக்கும் கருவி ஒன்று அந்த வண்டியில் இருந்தது. ரிவர்ஸ் போட்டதும் அது தட்டுப்படுகிறது, தட்டுப்படுகிறது என்று விடாமல் கத்தியது. பின்னால் இருந்தது அதன் சொந்தக் கொக்கிதான். வண்டி தன்னைப் பார்த்துத் தானே பயந்துகொண்டிருந்தது.

“அது ஒரு விஷயமே இல்ல சார்” என்று மெக்கானிக் ஒரு ஒயரைக் கத்தரித்தார். கத்தல் நின்றது.

அன்று மாலை எக்ஸ்ரேக்காரர் வீட்டுக்குத் திரும்பும்போது வேறொரு கத்தல் ஆரம்பித்தது. எதிரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. உற்றுப் பார்த்தார். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம்.

அவர் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். சீட்டு வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

கத்தரித்த ஒயருக்கும் அந்தச் சீட்டுக்கும் ஏதோ தொடர்பு இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய டாஷ்போர்டையே பிரிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். அதைவிடச் சுலபமான வழி ஒன்றிருந்தது. காலிச் சீட்டுக்குப் பெல்ட்டைப் போட்டுவிட்டால் வண்டி சமாதானமாகிவிடும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எக்ஸ்ரேக்காரர் உட்கார்ந்ததும், கையை நீட்டி, பக்கத்துச் சீட்டின் பெல்ட்டை இழுத்து, யாரும் இல்லாத இடத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டுவார். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் பெல்ட் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது. அவர் அதை நேராக்கிவிட்டு, “சரியா இருக்கா?” என்று கேட்டுவிட்டார். மனைவி இருந்தபோது, பெல்ட் போடச் சொன்னால் புடவை கசங்குகிறது என்பாள்.

இரண்டாவது வாரம் ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்து மாட்டிப் பார்த்தார்கள். ட்ரெய்லர் குண்டின்மேல் உட்கார்ந்ததும் மஞ்சள் வண்டியின் பின்பக்கம் தரையைத் தொட்டது, மூக்கு வானத்தைப் பார்த்தது. விளக்கைப் போட்டால் மரத்தின் உச்சியில் இருந்த காக்கைக் கூடு பளிச்சென்று தெரிந்தது.

“அது ஒரு விஷயமே—”

“சொல்லாதீங்க” என்றார் எக்ஸ்ரேக்காரர்.

அதற்கு வைத்தியமாக, அந்த வண்டிக்கு மூக்குப் பக்கம் இருந்த டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். மூக்கு இறங்கியது. இப்போது முன்னும் பின்னும் இறங்கி, வேகத்தடைகளில் வயிறு சிக்கிக்கொண்டது. ஒரு தடவை தெருமுனையில் வண்டி தடைமேல் தராசு மாதிரி நின்று ஆடியது. கடைக்காரர்கள் நாலு பேர் வந்து தூக்கி இறக்கிவிட்டார்கள். வயிறு சிக்காமல் இருக்க மெக்கானிக் நாலு சக்கரத்துக்கும் மேலே இரும்புத் துண்டுகளை வைத்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார். எல்லாம் முடிந்து பார்த்தபோது அது தரையோடு படுத்திருக்கவில்லை. வேகமும் இல்லை. பாதி பாரத்தை மூக்கிலும் பாதி பாரத்தை முதுகிலும் சுமந்துகொண்டு, முட்டி வலிக்கிற ஆள் மாதிரி நின்றது.

மெக்கானிக் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இப்ப நல்ல குடும்ப வண்டி மாதிரி ஆயிடுச்சு சார்” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்றைக்குப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது எக்ஸ்ரேக்காரருக்கு முதல்முறையாக ஒரு கேள்வி வந்தது. சம்பந்தியம்மாவின் கட்டிலையும் பீரோவையும் கொண்டுபோய் இறக்குவதற்கு நான் ஏன் இப்படி அல்லாடுகிறேன்?

பதிலும் அவருக்குத் தெரியும். மனைவி இறந்த புதிதில் மகள் அவரைக் கூப்பிட்டாள். எங்களோடு வந்துவிடுங்கள் அப்பா என்றாள். அவர் “பார்க்கலாம்” என்றார். அந்த வீட்டில் ‘பார்க்கலாம்’ என்றால் முடியாது என்று அர்த்தம். பொம்மை கேட்ட வயசிலிருந்து மகளுக்கு அது பழக்கம். ஆனால் அந்தத் தடவை மட்டும் அவர், இன்னொரு தரம் கேள் என்ற அர்த்தத்தில் சொன்னார். வார்த்தை பழசு, அர்த்தம் மட்டும் புதுசு. அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் மறுபடி கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மாத்திரை பற்றிய பேச்சு முடிந்தபின் அவர் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருப்பார். அவ்வளவுதான்.

இரண்டாவது தரம் கேட்டிருந்தால் அந்த ரூம் தனக்கு வந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதற்காகச் சம்பந்தியம்மாமேல் கோபப்பட முடியுமா? பாவம், அவரும் தனி ஆள். இதையெல்லாம் யோசித்த பிறகும் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

கிளம்பிய அன்று காலை கட்டடத்தில் பாதிப் பேர் பால்கனியில் நின்றார்கள். யாரோ கைகூட அசைத்தார்கள். கீழ்வீட்டம்மா இறங்கி வந்து எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். பொண்ணு வீட்டுக்கு என்று சொன்னபோது எக்ஸ்ரேக்காரரின் குரல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

“நல்லபடியா போயிட்டு வாங்க” என்றார் கீழ்வீட்டம்மா. “திரும்பி வரும்போது மட்டும் தெருமுனையில ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிட்டு வந்துடுங்க. ஆள் வேணும்னா சொல்லுங்க, என் வீட்டுக்காரரை அனுப்பறேன்.”

பெரிய சாலையில் எல்லோரும் அவரை முந்திக்கொண்டு போனார்கள். பஸ் முந்தியது. தண்ணி லாரி முந்தியது. ஒரு டிராக்டர் பக்கத்தில் வந்து, டிரைவர் மஞ்சள் வண்டியை மேலும் கீழும் பார்த்து, மனசு கேட்காமல் வழிவிட்டார். வண்டியின் மானம் போனது போகட்டும் என்று எக்ஸ்ரேக்காரர் ஒரே சீராக ஓட்டினார். வாடகைக்காரர் ட்ரெய்லரின்மேல் கட்டிவிட்ட நீலத் தார்ப்பாய் கண்ணாடியில் படபடத்துக்கொண்டே பின்னால் வந்தது. சாமான் பேச்சை அப்புறம் வந்த ஞாயிறுகளிலும் அவர் எடுக்கவில்லை; பொண்ணு வீட்டுக்குப் போய் வழி கேட்டு, அங்கிருந்து போய் ஏற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. பக்கத்துச் சீட்டில் பெல்ட் இறுக்கமாக யாரையும் பிடிக்காமல் கிடந்தது. போய்ச் சேர்ந்ததும் சம்பந்தியம்மாவிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை அவர் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். ரொம்ப சந்தோஷம் சம்பந்தி. நல்ல முடிவு சம்பந்தி. பிள்ளைகளோட இருக்கறதுதான் நமக்கெல்லாம் நிம்மதி. மூன்றாவது வாக்கியம் ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றது. மூச்சை இழுத்து, பிடித்து, விட்டுப் பார்த்தார். அப்படியும் வரவில்லை.

மகள் வீட்டு வாசலில் அவர் வண்டியை நிறுத்தும் முன்பே, சத்தத்தைக் கேட்டு அந்தத் தெருவும் எழுந்து வந்துவிட்டது. வீட்டுக் கதவைத் திறந்தது சம்பந்தியம்மாதான். தோளில் ஒரு ஜன்னல் துணி, வாயில் இரண்டு ஊசி. அவர் நினைத்தது சரியாகிவிட்டது. அந்த அம்மாள் ஏற்கனவே வந்து குடியேறியாயிற்று.

சம்பந்தியம்மா ஊசிகளை எடுத்துவிட்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் ரூமுக்கு ஒரு மின்விசிறி வாங்கப் போயிருக்கிறார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்று சொன்னார். உட்காரக்கூட விடாமல் நேரே பின்பக்கத்து ரூமுக்கு அழைத்துப் போனார்.

சின்ன ரூம்தான். சுவரில் புது வெள்ளையின் வாசனை இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். குளியலறை பக்கத்திலேயே இருந்தது, ராத்திரி எழுந்தால் தடுமாற வேண்டியதில்லை. கட்டில் போட இவ்வளவு, பீரோவுக்கு இவ்வளவு என்று தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். தலைமாட்டில் படிக்கிற விளக்குக்கு ஒரு பிளக் பாயிண்ட்கூட இருந்தது. மகளின் வேலை அது. எங்கே எது வேண்டும் என்று யோசித்து யோசித்துச் செய்திருந்தாள். இவ்வளவு யோசனை தனக்காக யாரும் செய்து ரொம்ப நாளாகிவிட்டது என்று எக்ஸ்ரேக்காரர் நினைத்துக்கொண்டார்.

“பிடிச்சிருக்கா?” என்று கேட்டார் சம்பந்தியம்மா. கண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“நல்லா இருக்கு. நல்ல காத்து வரும்” என்றார் அவர். அப்புறம் வழியில் பழகிவைத்த வாக்கியங்களில் முதலாவதைச் சொன்னார். “ரொம்ப சந்தோஷம் சம்பந்தி.”

“எங்களுக்கும்தான்” என்றார் அந்த அம்மாள்.

மூன்றாவது வாக்கியம் வரவில்லை. அது வருவதற்குள் வேலையை ஆரம்பித்துவிடுவது நல்லது என்று அவருக்குப் பட்டது. வேலை என்று ஒன்று இருந்தால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“சரி சம்பந்தி, சாமானை எங்க போய் ஏத்தணும்? இடத்தைச் சொன்னீங்கன்னா இருட்டறதுக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்துடுவேன்.”

“ஏத்தறதா?” என்றார் சம்பந்தியம்மா.

அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் வாசலுக்கு நடந்தார். மஞ்சள் வண்டியைத் தாண்டி, ட்ரெய்லருக்குப் பக்கத்தில் போய், நீலத் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தூக்கினார். உள்ளே தலையை விட்டும் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

“என்ன சம்பந்தி இது, காலியா இருக்கு? ‘அப்பா தன்னோட சாமானை ஏத்திக்கிட்டு எங்களோடயே இருக்க வர்றார்’னு உங்க பொண்ணு ஒத்தாசைக்கு என்னையும் வரவழைச்சுட்டு, மூணு வாரமா கால் தரையில படாம அலைஞ்சுகிட்டு இருக்காளே.”